நாற்காலியின் பின்கால்

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்த நேரம். பள்ளிவாசலின் இரண்டாம் வரிசையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் தங்கை மாப்பிள்ளை காதர் உட்கார்ந்திருக்கிறார். நான் அவர் காலடியில் குனிந்து, கம்பளத்தில் நெய்திருக்கும் வரிசைக் கோட்டுக்கும் நாற்காலியின் பின்காலுக்கும் நடுவே இஞ்சு டேப்பை இழுத்துப் பிடித்திருக்கிறேன்.

"அசையாம இரு மாப்ள. ஒரு நிமிசம்."

"எதுக்கு மச்சான் இம்புட்டு அளவு? கபுருக்குக் குழி வெட்டவா?"

சுற்றி நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பதினெட்டு அங்குலம் என்று மனதில் குறித்துக்கொண்டேன்.

அந்தப் பதினெட்டு அங்குலம்தான் அவரை அந்த இடத்திலிருந்து கிளப்பியது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் கண் ஆபரேஷனைப் பற்றி எழுதியிருந்தேன். ஆஸ்பத்திரிக் கூரையில் எத்தனை விளக்கு என்பதைக்கூட எழுதியிருந்ததைப் பார்த்து ஒரு வாசகர், "எதையும் எண்ணாமல் உங்களால் இருக்கவே முடியாதா?" என்று கேட்டிருக்கிறார். முடியாது. பசுமலையில் ஒரு கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் கோடு கோணினால் அழித்துவிட்டுத் திரும்பப் போடுவேன். இந்தக் குணத்தால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

எனக்கு இடப்பக்கம்

எங்கள் தொழுகையைப் பார்த்திராத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். வரிசையை நாங்கள் ஸஃப்பு என்போம். குதிகால்கள் கோட்டில் இருக்க வேண்டும். தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விடக் கூடாது. ஒருவர் விலகினால் பக்கத்தில் நிற்பவர் நகர்ந்து அந்த இடத்தை அடைக்க வேண்டும். முதலாளியும் கூலியாளும் ஒரே கோட்டில் நிற்பதற்கு இதைவிட எளிய வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பள்ளிவாசல் முனிச்சாலைப் பக்கம், ஒரு சந்துக்குள் இருக்கிறது. பன்னிரண்டு தூண், ஒன்பது மின்விசிறி. அதில் எட்டுதான் சுற்றும். இரண்டாம் வரிசையில், நாலாவது விசிறிக்குக் கீழே என் இடம். எனக்கு இடப்பக்கம் காதர். என் தங்கை நூர்ஜஹானைக் கட்டிய வாரத்திலிருந்து அவர் அங்கேதான் நின்றார். யாரும் ஒதுக்கித் தரவில்லை. நின்று நின்று அது அவர் இடமாகிவிட்டது.

காதர் அரசு பஸ் ஓட்டினார். பல வருஷம் அலங்காநல்லூர் வண்டி. வேலை முடிந்து நேராகப் பள்ளிக்கு வருவார். கை கால் கழுவி ஒளுச் செய்தாலும் காக்கிச் சட்டையிலிருந்து டீசல் வாடை போகாது. அதன் மேல் ஒரு பொட்டு அத்தர் வேறு. இரண்டும் கலந்த அந்த வாசனை எந்தக் கடையிலும் கிடைக்காது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ஆள் வந்துவிட்டது தெரியும்.

அலங்காநல்லூரில் வண்டி திரும்பும் நேரமும் அஸர் நேரமும் ஒன்றாக வந்துவிடும். வேப்பமரத்தடியில் துண்டை விரித்துத் தொழுவாராம். ஒருநாள் கோழிக் கூடையோடு ஏறிய ஒரு கிழவி, ஹாரன் அடித்துப் பார்த்த இளவட்டங்களை, "ஏலேய், டிரைவரு சாமி கும்புட்டு வரட்டும்டா. அவரு கும்புட்டாத்தேன் நீ உசுரோட ஊரு போவ" என்று அடக்கினாளாம். இதை ரம்ஜான் தோறும் நோன்புக் கஞ்சி குடித்துக்கொண்டே சொல்வார். ஒவ்வொரு வருஷமும் கூடையில் ஒரு கோழி கூடும். கடைசியாகக் கேட்டபோது ஏழு.

கிளட்ச்சை மிதித்து மிதித்து முதலில் இடது முழங்கால் போனது. இடதுக்கும் சேர்த்துப் பாரம் தாங்கியதில் வலதும் போனது. மடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் தொழுகையோ குனிந்து, மடங்கி, நெற்றியைத் தரையில் வைப்பது. அதை சுஜூது என்போம்.

பதினொரு நாற்காலி

முதல் நாற்காலியைக் கொடுத்தவர் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவர் அல்ல. பக்கத்தில் சேலைக் கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக்காரர். காதர் சுவரைப் பிடித்துப் படி இறங்குவதைப் பார்த்துவிட்டு, கடைக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு நாற்காலியை எடுத்து வந்து வைத்தார். "பாய், இது சும்மாத்தான் கெடக்கு. உக்காந்து கும்பிட்டா உங்க சாமி கோவிச்சுக்குமா?" என்றார்.

"கோவிச்சா ஒங்க பேரத்தேன் சொல்லுவேன்" என்றார் காதர்.

நிற்கும் நேரத்தில் நாற்காலிக்கு முன்னால் நிற்பார். குனியும் நேரத்தில் உட்கார்ந்து தலையைத் தாழ்த்துவார். சைக்கினையால் தொழுவது என்று அதற்குப் பெயர். நோயாளிக்கு மார்க்கம் கொடுத்த சலுகை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் ஓர் ஆச்சரியம். இரண்டே மாதத்தில் நாற்காலி மூன்றானது. அப்புறம் ஏழு. பிறகு பதினொன்று. இத்தனை முழங்கால்களும் இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தன என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மடங்கியவர்கள், வீட்டோடு நின்றுவிட்டவர்கள் எல்லோரும் காதரைப் பார்த்துத் துணிந்துவிட்டார்கள்.

அதோடு தொல்லையும் வந்தது. வரிசைக்கு வரிசை நாலடி. நாற்காலியின் பின்காலைக் கோட்டில் வைத்தால், அவர் எழுந்து நிற்கும்போது மற்றவர்களைவிடப் பதினெட்டு அங்குலம் முன்னால் நிற்கிறார். அவர் குதிகாலைக் கோட்டில் வைத்தால், நாற்காலி பின்வரிசைக்காரர் நெற்றி வைக்கும் இடத்தில் வந்து நிற்கிறது. ஒருநாள் செல்போன் கடைப் பையன் ஒருவன் சுஜூதுக்குப் போய் நாற்காலிக் காலில் நெற்றியை இடித்துக்கொண்டான்.

ஜமாஅத்தின் வாட்ஸப் குழுவில் மறுநாளே ஆரம்பித்துவிட்டது. ஊர் ஊராக மௌலவிகள் பேசிய வீடியோக்கள். பின்கால் கோட்டில் என்றார் ஒருவர். முன்கால் என்றார் இன்னொருவர். பள்ளிக்கு நடந்து வரத் தெரிந்தவனுக்கு நாற்காலி எதற்கு என்று ஒருவர் கத்தினார். பாவம், உடம்பு முடியாதவரை ஏன் வதைக்கிறீர்கள் என்று ஒருவர் அழுதார். நான் எல்லாவற்றையும் கடைசி வரை பார்த்தேன். மொத்தம் பதினாலு. பின்காலுக்கு ஆறு, முன்காலுக்கு மூன்று, நாற்காலியே கூடாது என்று இரண்டு, மூன்றில் ஒன்றும் புரியவில்லை.

எனக்கோ தொழுகையில் மனம் நிற்கவில்லை. ஓதுவதைக் கேட்பதை விட்டுவிட்டுக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேட்டால் சொல்ல வேண்டும்

எங்கள் இமாமுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனாலும் அவர் எங்களுக்கு ஹஜ்ரத்து. நன்றாக ஓதியவர். கம்ப்யூட்டரும் தெரியும். அவர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"இப்படியே விட்ருவோமே சார்" என்றார்.

"வரிசை கோணலா இருக்கு ஹஜ்ரத்து."

"முடியாதவங்க உக்காந்தாவது தொழுறாங்க. மத்தவங்க கொஞ்சம் ஒதுங்கித் தொழுறாங்க. இத்தனை நாளா ஓடிட்டுத்தானே இருக்கு?"

"அப்போ சட்டம்னு ஒண்ணு எதுக்கு?"

அவர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

"சட்டம் இருக்கு சார். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கேன். அதுக்கும் ஒரு காரணம் இருக்கு. நீங்க சபையில கேட்டுட்டா, கிதாபுல உள்ளதச் சொல்லித்தான் ஆகணும். அப்புறம் நானும் மாத்த முடியாது, நீங்களும் மாத்த முடியாது."

மதரஸாவில் சின்ன வயதில் ஒரு மாட்டுக் கதை சொல்லித் தருவார்கள். ஒரு கூட்டத்தாரிடம், ஒரு மாட்டை அறுங்கள் என்று கட்டளை வந்தது. ஏதாவது ஒரு மாட்டை அறுத்திருந்தால் முடிந்திருக்கும். என்ன வயது என்று கேட்டார்கள், வயது வந்தது. என்ன நிறம் என்று கேட்டார்கள், நிறம் வந்தது. கேட்கக் கேட்க வாசல் குறுகி, கடைசியில் உலகத்திலேயே கிடைக்காத ஒரு மாட்டைத் தேடி அலைந்தார்கள். அந்தக் கதையில் வருகிறவர்கள் மூடர்கள் என்று சிறுவயதில் நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், நிறைந்த சபையில் எழுந்து நின்று கேட்டேன். கேட்டதோடு விடாமல் நாலடி, பதினெட்டு அங்குலம் என்று கணக்கும் சொன்னேன்.

ஹஜ்ரத்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். தரையில் உட்கார முடிந்தவர் தரையில் உட்கார வேண்டும். அதுவும் முடியாதவருக்கு மட்டும் நாற்காலி. நாற்காலி வரிசையைக் குலைக்காமல் ஓரத்திலோ பின்னாலோ இருப்பது நல்லது.

ஓரமா, பின்னாலா? பள்ளிவாசல் கமிட்டியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஓரங்களில் ஒரு பக்கம் சுவரலமாரி, ஒரு பக்கம் வாசல்கள். பதினொன்றும் அங்கே கொள்ளாது என்று படம் வரைந்து காட்டினேன். அப்படியானால் பின்னால், எல்லா நாற்காலியும் கடைசி வரிசை என்று முடிவானது. அளவில் ஒரு தப்பும் இல்லை. அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

கடைசி வரிசை

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்கு வந்த காதர், நாற்காலி இடம் மாறியிருப்பதைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"மச்சான், முப்பது வருசம் பஸ் ஓட்டியிருக்கேன். கிழவன் கிழவி, உடம்புக்கு முடியாதவுக, எல்லாருக்கும் முன்னாடி சீட்டுத்தேன் எழுதிப் போட்டிருக்கும். இங்க மட்டும் கடைசி சீட்டா?"

"சட்டம் மாப்ள. ஹஜ்ரத்து சொன்னது."

"ஹஜ்ரத்து சொன்னாரு சரி. கேட்டது யாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. கடைசி வரிசைக்கும் அவர் போகவில்லை. என் இடப்பக்கம் வந்து, நாற்காலி இல்லாமலே நின்றார்.

முதல் ரக்அத்தில், அதாவது தொழுகையின் முதல் சுற்றில், தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. நாங்கள் எல்லோரும் எழுந்து நிற்கிறோம், அவர் மட்டும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கீழே கிடந்தபடி மூச்சு வாங்குகிறார். தொழுகையில் இருக்கும்போது நான் குனிந்து தூக்க முடியாது. சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். ஜிப்பாவைத் தட்டிவிட்டுக்கொண்டு, "வண்டி பிரேக்டவுன். ஆளுங்க எறங்கித் தள்ளிட்டீக" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் பள்ளிக்கு வரவில்லை.

அன்று அஸருக்கு நான் போய் நின்றபோது இடப்பக்கம் காலியாக இருந்தது. இமாம் வழக்கம்போல, "இடைவெளி இல்லாம நில்லுங்க" என்றார். அந்தச் செல்போன் கடைப் பையன் நகர்ந்து வந்து ஒட்டி நின்றுகொண்டான். அவன் மேல் தப்பில்லை, அதுதான் முறை. அவனிடமிருந்து புதினா மிட்டாய் வாசனை வந்தது.

தங்கையின் ஜமாஅத்

காதர் வீடு இரண்டு சந்து தள்ளி. அந்திநேர மஃரிப் தொழுகையைப் பள்ளியில் முடித்துவிட்டு அங்கே போய் உட்கார்வது எனக்கு வழக்கமானது. முதல் சில நாள் அவர் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு என்னிடம் பேசவில்லை. பிறகு அலங்காநல்லூர்க் கோழிகள் திரும்பி வந்தன. ஆனால் பள்ளிக்கு வா என்று நான் ஆரம்பித்தாலே, "அந்த ரூட்டு கேன்சல் மச்சான்" என்பார்.

ஒருநாள் கொஞ்சம் முன்னதாகப் போய்விட்டேன். கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில், கை வைத்த மர நாற்காலியில் காதர் மேற்கே பார்த்து உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒரே வரிசையில் என் தங்கை நூர்ஜஹான், அவர்கள் மகனுடைய மனைவி ஷமீமா, பேத்தி. மூன்று பேரும் வெள்ளைத் துப்பட்டியில், தோளோடு தோள். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

தொழுகை முடிந்ததும் நூர்ஜஹான் டீ கொண்டுவந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

"கல்யாணம் ஆனதுலருந்து இவுக பள்ளிக்குப் போவாக, நான் அடுப்படியில பாய விரிச்சுத் தனியாத் தொழுவேன். பால் பொங்குதா, கதவு தட்டுதான்னுதேன் நெனப்பு ஓடும். நாலு பேரோட ஜமாஅத்துல நிக்கிறது எப்படியிருக்கும்னே தெரியாதுண்ணே. இப்பத்தேன் நிக்கிறேன்."

"எங்க வண்டியில இப்ப லேடீஸ் மட்டும்தேன்" என்றார் காதர், டம்ளரை வாங்கிக்கொண்டே.

நூர்ஜஹான் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, இவுக உக்காந்துக்கிட்டே தொழ வைக்கிறாக. நாங்க நின்னு, சுஜூது செஞ்சு தொழுறோம். இது கூடும்ல?"

எனக்குத் தெரியும். வீட்டில் என்னிடம் இருக்கும் சட்டக் கிதாபுகளில் ஏற்கெனவே படித்திருக்கிறேன். சைக்கினையால் தொழுபவர், சுஜூது செய்யக்கூடியவர்களுக்கு இமாமாக நிற்பது நாங்கள் பின்பற்றும் சட்டப் பிரிவான ஹனஃபி மத்ஹபில் கூடாது. வேறு மத்ஹபில் கூடும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் பெரிய இமாம்கள்தான்.

"ஹஜ்ரத்துக்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். "கேக்காமச் சொல்ல முடியாதாண்ணே?"

அன்றிலிருந்து நான் இன்னும் கவனமானேன். பள்ளியில் தொழுதுவிட்டுத்தான் அங்கே போவேன். "வாங்கண்ணே, ஸஃப்புல நில்லுங்க" என்று அவள் கூப்பிட்டால், "நான் தொழுதுட்டேம்மா" என்று சோபாவில் உட்கார்ந்துகொள்வேன். அந்தக் கூடத்தில் எல்லோரும் தொழுதார்கள். தெரிந்தவன் ஒருவன் மட்டும் வெளியே இருந்தான்.

ஒரு மஃரிபு

ஐப்பசி மாதத்துச் சாயங்காலம். பேத்திக்குக் காய்ச்சல் என்று கேட்டுப் பார்க்கப் போயிருந்தேன். வானம் உடைந்த மாதிரி மழை பிடித்துக்கொண்டது. சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கரண்டும் போய்விட்டது. மழைச் சத்தத்துக்குள்ளே தொழுகைக்கு அழைக்கும் பாங்கு மெல்லக் கேட்டது. பள்ளிக்குப் போக வழியில்லை. தொழுதுவிட்டேன் என்று சொல்லவும் வழியில்லை.

எமர்ஜென்சி விளக்கை நூர்ஜஹான் ஜன்னலில் வைத்தாள். காதர் என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீ முன்னால நில்லு. படிச்சவன். கால் நல்லா இருக்கவன்."

சொல்லிக்கொண்டே நாற்காலியைப் பிடித்து ஓரமாக நகர்த்தத் தொடங்கினார். மொசைக் தரையில் அதன் கால்கள் கரகரவென்று இழுபட்டன.

அதுதான் சட்டப்படி சரி. நான் முன்னால் நின்றால் யாருடைய தொழுகைக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. நூர்ஜஹான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஷமீமா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அந்த மனிதரை ஒரு தடவை அளவெடுத்துக் கிளப்பியாகிவிட்டது.

"இருந்த எடத்துலயே இரு மாப்ள. நீயே ஓட்டு" என்றேன்.

"அப்போ நீ எங்க நிப்ப?"

இமாமுக்குப் பின்னால் ஒரே ஒரு ஆண் இருந்தால், அவர் பின்வரிசையில் நிற்க மாட்டார். இமாமின் வலப்பக்கம் ஒட்டி நிற்பார். அதுவும் சட்டம்தான். நான் போய் அந்த நாற்காலிக்கு வலப்பக்கம் நின்றேன். பெண்கள் பின்னால் நின்றார்கள். அவர் மறுபடி எனக்கு இடப்பக்கம்.

காதர் ஓதினார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல், மழைக்கு மேலே கேட்டது. ஒரு இடத்தில் தடுமாறி, திரும்பப் பிடித்துக்கொண்டார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. கடைசி ரக்அத்தில் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவர் நாற்காலியில். அவருடைய முழங்கால் என் தோளில் வந்து பட்டது. வலித் தைலத்தின் நெடி. டீசல் இல்லை, அத்தர் இல்லை. இருந்தாலும் ஆள் வந்துவிட்டது தெரிந்தது.

அவர் காலை நகர்த்தவில்லை. நானும் தோளை நகர்த்தவில்லை.

வீட்டுக்கு வந்து அந்த மூன்று ரக்அத்தைத் திரும்பத் தொழுதேனா என்று சில வாசகர்கள் கேட்பார்கள். அதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்தக் கார்த்திகையிலேயே, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் வந்து அவர்கள் எல்லோரையும் அங்கே அழைத்துப் போய்விட்டான். அங்கே லிஃப்ட் இருக்கிறது. நல்ல டாக்டர் பக்கத்தில். கூடத்தில் ஜமாஅத் நடக்கிறது என்று நூர்ஜஹான் போனில் சொல்கிறாள். நான் சோபாவில் உட்கார்ந்து கழித்த மஃரிபுகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்றைக்கூட இனித் திருப்பிப் போட முடியாது.

சென்ற வெள்ளிக்கிழமை செருப்பு வைக்கும் இடத்தில் ஹஜ்ரத்து நின்றிருந்தார்.

"காதர் பாய் எப்படி இருக்காரு சார்? தொழுகையெல்லாம் வீட்லதானா?"

"ஆமா ஹஜ்ரத்து. குடும்பத்தோட தொழுறாங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடும்பத்தோடு என்றால் எப்படி, யார் இமாம் என்று அவர் கேட்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"வேற ஏதாவது கேக்கணுமா சார்?"

"இல்ல ஹஜ்ரத்து."

உள்ளே போனேன். பின்வரிசை நாற்காலிகளில் ஒன்று, அந்தச் சிவப்பு நாற்காலி, சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. இரண்டாம் வரிசையில் என் இடம் எனக்காக இருந்தது. இடப்பக்கம் புதினா வாசனை. கோட்டைப் பார்த்தேன். எல்லாக் குதிகாலும் கோட்டில் இருந்தது. இடைவெளி எங்குமே இல்லை.